செவிலியரின் உறக்கம் அவர் வீட்டுப் பிரச்சினை அல்ல

செவிலியர் சகோதரிகளே, நைட் டூட்டி உடம்பை வாட்டுகிறது என்று நீங்கள் சொன்னால், நேரத்தைத் திட்டமிடுங்கள், யோகா செய்யுங்கள் என்று அறிவுரை வருகிறது. அறிவுரை தேவைப்படுவது உங்களுக்கு அல்ல, டூட்டி போடுகிறவர்களுக்கு. மனித உடலுக்குள் இரவு பகல் கணக்கு ஒன்று ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாரம் காலை, மறுவாரம் மதியம், அதற்கடுத்து நைட் என்று புரட்டிப் போட்டால் அந்த உடல் எதற்குத்தான் பழகும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்டு வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2007-இலேயே வகைப்படுத்தியது. 2019-இல் மறுபடி ஆராய்ந்த பிறகும் அந்த முடிவை மாற்றவில்லை. இத்தனைக்கும் நடுவே, நைட் முடித்து வீடு திரும்பும் பெண் உலை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகே படுக்க முடிகிறது. இங்கே வந்திருக்கும் கணவன்மார்களே, இதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியை இரவில் மூட முடியுமா என்று கேட்கிறார்கள். மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒருவர் லீவு போட்டால் அடுத்தவர் ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அந்த ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கத்தான் கேட்கிறோம். செவிலியர்களே சேர்ந்தாற்போல் நைட் கேட்டு வாங்குகிறார்களே என்றும் சொல்கிறார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஆஃப் கிடைக்க வேறு வழி இல்லாததால் கேட்கிறார்கள். வேறு வழி இல்லாதவர் கேட்டு வாங்குவதை விருப்பம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

கூடுதல் ஆள் போடப் பணம் எங்கே என்பது கடைசி வாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் போடாமல் மிச்சப்படுத்தும் பணத்துக்கு நோயாளி உயிரால் விலை கொடுக்கிறார். கலிபோர்னியா மாநிலம் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டமே போட்டு, 2004 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. அங்கே மருத்துவமனைகள் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அது நிறைவேற்றிய செவிலியர் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஆகவே அரசிடம் கேட்கிறோம்: காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை நிரந்தரமாக்குங்கள். டூட்டிப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுங்கள். 12 மணி நேர ஓய்வைச் சட்டமாக்குங்கள். நோயாளிகளின் குடும்பத்தாரே, இந்தக் கோரிக்கையில் நீங்களும் கையெழுத்திட வேண்டும்.