எண்ணெய் யந்திரமும் கசியும் பாக்கிங்கும்



இறவைக் கிணற்றில் யந்திரம் நின்றுவிட்டால் பயிர் காத்திராது. கடன் தவணையும் காத்திராது. ஆதலின் யந்திரத்தின் நோயை ஆரம்பத்திலேயே அறிதல் அவசியம். சிலிண்டருக்கும் அதன் மூடியாகிய ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. பாக்கிங் என்றும் காஸ்கெட் என்றும் வழங்குவது அதுவே.

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைச் சுமார் 15 முதல் 20 பங்கில் ஒரு பங்காக நெருக்குவதால் எழும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பாக்கிங் கசிந்தால் அழுத்தம் வெளியேறும், உஷ்ணமும் குறையும். யந்திரம் எளிதில் கிளம்பாது, வெண்புகை விடும், பலம் குன்றி எண்ணெய்ச் செலவு ஏறும். இதனை நாசிலின் குற்றமென்று எண்ணி வீணே பணம் செலவிடுவோர் உண்டு.

இதனினும் பெரிய அபாயம், அளவு காட்டும் கருவிகளே நம்மை ஏமாற்றுவதாகும். தண்ணீர் உட்கசிந்து மசகெண்ணெய்த் தொட்டியில் சேர்ந்தால், அளவுக்கம்பியில் மட்டம் உயர்ந்து காணும். எண்ணெய் நிறைய இருக்கிறதென்று உடையவர் மகிழ்வார். உள்ளே பேரிங்குகள் தேய்ந்து கொண்டிருக்கும். மட்டத்தை மட்டும் பாராது நிறத்தையும் பார்க்கவேண்டும். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் உடனே நிறுத்துக. அவ்வாறே, குளிர்விக்கும் நீர் குறைந்து உஷ்ணமானியின் முனை நீரில் தோயாதிருந்தால், இரும்பு கொதிக்கும்போதும் முள் தாழ்வாகவே நிற்கக்கூடும். நீர்த்தொட்டியில் இடைவிடாது குமிழிகள் எழுவதும் கசிவின் அடையாளம். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது.

கழற்றிய பாக்கிங்கை மீண்டும் போடாதீர்கள். இரு முகங்களையும் துடைத்து, கோணல் இல்லையென்று சட்டம் வைத்துப் பார்த்து, புதியதைப் பொருத்துக. நட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிரெதிராக, படிப்படியாக, யந்திரத்துடன் வந்த புஸ்தகத்தில் கண்ட அளவுக்கு இறுக்குதல் வேண்டும். பழைய பாக்கிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஆதலால் உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்தே எடுக்கவேண்டும்.

புது யந்திரத்துக்குக் கடன் கோரும் மனு வரும்போது, பழைய யந்திரத்தின் பாக்கிங் சோதிக்கப்பட்டதா என்று பஞ்சாயத்தார் முதலில் விசாரிப்பது நலம். ஒரு தகட்டின் விலையில் தீரும் காரியத்துக்கு நிலத்தை ஈடு வைப்பது சிக்கனமாகாது.