ரேடார் காட்டும் மழை: மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம்?



விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு என்று வழக்கமாகப் பேசும் நாம், இன்று மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் அடையாற்றையும் பற்றிச் சற்றுப் பேசுவோம். "பட்டணத்துத் தெருவில் தண்ணீர் நின்றால் எங்கள் வயலுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தெருவை மூழ்கடித்த மேகமும், செங்கற்பட்டிலோ திருவள்ளூரிலோ களத்து நெல்லை நனைக்கும் மேகமும் ஒரே கடலிலிருந்து வருபவை. அவற்றைப் பார்க்கும் கண்ணும் ஒன்றுதான். அதுவே வானிலை ரேடார். அந்தக் கண் நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சென்னை நகரம் பட்ட பாட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

2021 டிசம்பர் 30

அன்று வியாழக்கிழமை. வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணியிருந்த நேரம். பெருமழை பெய்யும் என்று முதல் நாள் முன்னறிவிப்பில் சொல்லப்படவில்லை. நண்பகலுக்குப் பிறகு வானம் இருண்டது. தொடங்கிய மழை இரவு வரை விடவில்லை. மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், கடற்கரையை ஒட்டிய பகுதிகள் ஆகிய இடங்களில் சில மணி நேரத்திற்குள் 15 முதல் 20 செ.மீ. வரை கொட்டித் தீர்த்தது. தியாகராய நகரில் தெருக்கள் கால்வாய்கள் ஆயின. சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று. நகரில் மின்சாரம் தாக்கி மூவர் உயிரிழந்தனர். சிவப்பு எச்சரிக்கை வந்தபோது பாதி மழை பெய்து முடிந்திருந்தது.

கடலுக்கு மேலே இருந்த காற்றுச் சுழற்சி, எதிர்பார்த்ததைவிடக் கரையை நெருங்கி வந்துவிட்டதே இதற்குக் காரணம். கடலிலிருந்து மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அதே இடத்தில் வந்து பொழிந்தன. முன்னறிவிக்கும் வசதிகளை வலுப்படுத்துமாறு தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. என்றால் எட்டு லட்சம் லிட்டர். வயலில் இதில் ஒரு பங்கை மண் குடிக்கும். சிமெண்டும் தாரும் பூசிய நகரில் குடிப்பதற்கு மண் ஏது? மேலும் தியாகராய நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் மாம்பலத்துப் பெரிய ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் நகர் அமைத்தார்கள். ஏரியில் வீடு கட்டினாலும் தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேடார் எப்படிப் பார்க்கின்றது?

சென்னைத் துறைமுகத்தில் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளை உருண்டை ஒன்று தெரியும். அதனுள் ஒரு பெரிய கிண்ணம் சுழன்றுகொண்டிருக்கின்றது. புயலைக் காணும் ரேடார் 1970-களிலேயே சென்னைக்கு வந்துவிட்டது. 2002-ஆம் ஆண்டு முதல் டாப்ளர் வகை ரேடார் அங்கே இயங்கி வந்தது.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருகின்றது அல்லவா? அதைப் போலவே ரேடார் வானொலி அலைகளை விட்டு விட்டு அனுப்புகின்றது. அவை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு மழை எவ்வளவு தொலைவில் உள்ளது என்றும், திரும்பிய அலையின் வலுவைக் கொண்டு மழை எவ்வளவு பலமானது என்றும் கணக்கிடுகின்றார்கள். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே தத்துவத்தைக் கொண்டு, துளிகளைச் சுமந்து வரும் காற்று நெருங்குகின்றதா, விலகுகின்றதா, என்ன வேகம் என்பதையும் டாப்ளர் ரேடார் கண்டுவிடும்.

துறைமுக ரேடாரின் அலைநீளம் சுமார் 10 செ.மீ. இது பலத்த மழையையும் ஊடுருவி, சுற்றிலும் 250 கி.மீ. அளவுக்குப் பார்க்க வல்லது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடங்கும். 2022 ஜனவரியில் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 3 செ.மீ. அலைநீளமுள்ள மற்றொரு ரேடாரும் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் வீச்சு குறைவு. ஆனால் அருகில் உள்ள மேகங்களை நுட்பமாகக் காட்டும். காவிரிப் படுகையில் உள்ளவர்களுக்குக் காரைக்காலில் ஒரு ரேடார் உண்டு.

படத்தைப் படிப்பது எப்படி?

வானிலைத் துறையின் இணையதளத்திலும் 'மௌசம்' செயலியிலும் ரேடார் படங்களைக் காணலாம். உங்கள் வீட்டில் கைப்பேசி பழகிய பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கொண்டு ஒரு முறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது, படத்தில் உள்ள நேரம். பழைய படத்தைப் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

இரண்டாவது, நிறம். பொதுவாக நீலமும் பச்சையும் சிறு மழையையும், மஞ்சளும் சிவப்பும் பலத்த மழையையும் குறிக்கும். படத்தின் ஓரத்தில் நிறங்களுக்கான அளவுகோல் இருக்கும். அதையும் பாருங்கள். இந்த நிறங்கள் வேறு, எச்சரிக்கை நிறங்கள் வேறு. எச்சரிக்கையில் பச்சை என்றால் கவலை வேண்டாம், மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, நகர்வு. இருபது நிமிடம் இடைவெளி உள்ள இரண்டு படங்களைப் பாருங்கள். மழைத் திட்டு 10 கி.மீ. நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. அது உங்கள் ஊருக்கு 45 கி.மீ. தொலைவில் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரும்.

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் பலிக்காது. 2021 டிசம்பரில் நிகழ்ந்ததைப் போல, இருக்கும் திட்டு நகர்வதற்குள் கடலில் புதுத் திட்டு பிறந்துவிடும். மழை விட்டதுபோல் தோன்றினாலும் கடல் பக்கம் மீண்டும் மஞ்சளும் சிவப்பும் தெரிந்தால் வேலையைத் தொடங்காதீர்கள்.

ரேடாருக்கு வேறு குறைகளும் உண்டு. பூமி உருண்டையாக இருப்பதாலும், அலைகளைச் சற்று மேல்நோக்கியே அனுப்புவதாலும், 100 கி.மீ. தொலைவில் அலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் செல்லும். 200 கி.மீ. தொலைவில் அது ஏறக்குறைய 4 கி.மீ. அதற்குக் கீழே தாழ்ந்திருக்கும் மேகம் தப்பிவிடலாம். கருவி பழுதாகும் நாளும் உண்டு. ஆகவே எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதையும், ஈசானி மூலையில் மின்னுவதையும் கவனிக்கும் உங்கள் கண்ணை மூடிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடார் நாளைய மழையைச் சொல்லும் சோதிடர் அல்ல. இப்போது பெய்வதையும், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வரக்கூடியதையும் மட்டுமே அது காட்டும். வானிலை மையம் மூன்று மணி நேரத்திற்கென்று வெளியிடும் உடனடி அறிவிப்புக்கு ரேடாரே பெரிய ஆதாரம்.

அந்த மூன்று மணி நேரத்தில்

களத்தில் காயும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள். ஓரங்களில் கல்லோ மணல் மூட்டையோ வையுங்கள். குவியலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்திற்குக் காடி எடுத்துவிட்டால் அடியில் நீர் புகாது. மழை விட்டதும் தார்ப்பாயை நீக்கிக் கிளறிவிட வேண்டும். மூடியே வைத்தால் புழுங்கி முளைத்துவிடும்.

யூரியா மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திப்போடுங்கள். கழுவிச் செல்லும் உரம் உங்கள் பணம்.

வயலின் கடைமடையைத் திறந்துவிடுங்கள். நிலக்கடலை, மிளகாய், கத்தரி வயல்களில் வடிகாலின் வாயில் அடைத்துள்ள களைகளை எடுத்துவிடுங்கள்.

மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். நனைந்த ஸ்டார்ட்டரில் கை வைக்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே செல்லாதீர்கள். சென்னையில் அன்று போன மூன்று உயிர்களும் மின்சாரத்தால் போனவை என்பதை மறவாதீர்கள்.

இடி கேட்டதுமே வயலை விட்டு வெளியேறுங்கள். புளிய மரத்தடியிலோ பனையடியிலோ ஒதுங்காதீர்கள். மாடுகளையும் அங்கே கட்டாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள். மின்னல் பற்றி எச்சரிக்க 'தாமினி' என்ற செயலியும் உள்ளது.

முன்பே செய்ய வேண்டியவை

தார்ப்பாய் வீட்டில் இருந்தால்தான் மூன்று மணி நேரத்தில் மூட முடியும். கடைக்கு ஓடினால் நேரம் அதிலேயே போய்விடும். வடிகால் முன்பே வெட்டியிருந்தால்தான் அடைப்பை மட்டும் நீக்கினால் போதும். வாழைக்கு முட்டுக் கொடுப்பது மூன்று மணி நேர வேலை அன்று. ஐப்பசி பிறக்குமுன் முடித்துவிட வேண்டிய வேலை. அன்றைக்குச் சென்னையிலும் ரேடார் திரையில் மேகங்கள் தெரியத்தான் செய்தன. கண் பார்த்தது, ஆனால் மழை தொடங்கிய பிறகு அடைபட்ட வடிகாலைத் தூர்வார முடியுமா?

ஆகவே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் சேர்ந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் தரும் வேளாண் வானிலை அறிவுரையைக் கொண்டு வாரத்தின் வேலையைத் திட்டமிடுங்கள். 'மேக்தூத்' செயலியிலும் அதைப் பெறலாம். அறுவடை நாளை முதல் நாள் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். களத்தில் நிற்கும்போது ரேடாரைப் பாருங்கள். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணை.

எச்சரிக்கை பலிக்காத நாள்

முடிக்குமுன் இன்னொன்று. 2024 அக்டோபர் 16-ஆம் நாளுக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வேளச்சேரி மக்கள் முன்னதாகவே தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலமோ சற்று வடக்கே ஒதுங்கிப் போயிற்று. எதிர்பார்த்த பெருமழை அன்று பெய்யவில்லை. சிலர் கேலி செய்தார்கள். ஆனால் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் உடைமை இழந்தவர்கள் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

மழை வரவில்லை என்றால் நீங்கள் இழந்தது தார்ப்பாயை விரித்துச் சுருட்டிய அரை மணி நேர உழைப்பு. மழை வந்து, தார்ப்பாய் விரிக்கப்படாமல் இருந்தால் இழப்பது ஒரு போகத்து மகசூல். எது மலிவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு முறை எச்சரிக்கை பலிக்கவில்லை என்று அடுத்த முறை அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

இன்று மாலையே உங்கள் தார்ப்பாயை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் தைத்து வையுங்கள். ரேடாரைப் பயன்படுத்தும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகின்றது.