நோய்க்கு ஓர் எண்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் நோயைப் பற்றியும் எண்ணைப் பற்றியும் பேச வந்துள்ளேன். எனினும் இது நமக்குப் புறம்பான பொருளன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியல் நம்முடையது. நோய்கள் 4,448 எனத் தொகை கூறிய சித்த மருத்துவமும் நம்முடையது. மேலும், கணக்கெழுத்தையும் சுருக்கெழுத்தையும் நம்பி இந்நகருக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. வரவையும் செலவையும் உரிய தலைப்பில் பதியாவிட்டால் ஐந்தொகை பொய்த்துப்போகும் என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. நோயின் பேரேடும் அத்தகையதே.

லண்டன் மாநகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662இல் நூல் வெளியிட்டவர் ஜான் கிரான்ட் என்னும் வணிகர். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் என்பார், ஒரே நோயைப் பலர் பல பெயரால் எழுதினால் கணக்கு நில்லாது என்று வற்புறுத்தினார். பிரெஞ்சு நாட்டு ஜாக் பெர்த்திலான் 1893இல் உலகுக்குப் பொதுவான இறப்புக் காரணப் பட்டியலை அளித்தார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் திருத்தத்தை ஏற்று, இறப்போடு நோயையும் சேர்த்தது. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பெற்றது. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தைத் திறந்தால் முதற்கண் நிற்கும் குறியீடு ‘ஏ 00’. அது காலராவைக் குறிக்கும். 1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியை ஆராய்ந்ததும், 1959இல் சம்புநாத் டே அதன் நஞ்சை வெளிப்படுத்தியதும் இம்மாநகரிலேதான். ‘பி 55.0’ என்பது காலா அசார். அதற்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி இந்நகரத்து மருத்துவர். உலகப் பட்டியலின் முதல் ஏடுகளில் நாம் குடியேறிய ஊரின் வரலாறு ஒளிந்திருக்கிறது!

இனி, இக்கலையைப் பயில்வது எங்ஙனம்? மாணவர் முதலில் உடலமைப்பையும் நோய்ப் பெயர்களின் வேர்ச்சொற்களையும் கற்கிறார். பின்னர் நோயாளியின் ஏட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்கிறார். நோய்ப் பெயரை அகரவரிசையில் தேடுகிறார். அங்கு கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடலாகாது. வகைப்பட்டியலுக்குச் சென்று, இந்நோய் இவ்வெண்ணில் அடங்குமா, விலக்கப்பட்டதா என்று ஒப்புநோக்க வேண்டும். ‘எம்.ஐ.’ என்று மருத்துவர் சுருக்கமாக எழுதினால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம். இதய வால்வின் கசிவாகவும் இருக்கலாம். ஊகம் செய்வது குற்றம். எழுதியவரையே கேட்பது கடமை. சிகிச்சைக்கோ தனிப்பட்டியல்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியல், எவ்வுறுப்பில், என்ன செயல், எவ்வழியாக என்னும் மூன்றையும் கொண்டு சிகிச்சையை வகுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். மூதாட்டி ஒருவர் மாடிப்படியில் விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்து, படுக்கையிலேயே கிடந்து, நுரையீரல் அழற்சியால் இறக்கிறார் என்று கொள்வோம். மருத்துவமனை முறிவுக்குச் சிகிச்சை அளித்ததால் அதற்குரிய ‘எஸ் 72.0’ என்னும் குறியீட்டை எழுதும். இறப்புக் கணக்கிலோ, துன்பத் தொடரைத் தொடங்கி வைத்த காரணமே மூல காரணம். ஆகவே அங்குப் படியில் விழுந்ததற்குரிய ‘டபிள்யூ 10’ ஏறும். நுரையீரல் அழற்சி என்று மட்டும் எழுதிவிட்டால், படிக்குக் கைப்பிடி வேண்டும் என்ற அறிவு நாட்டுக்கு எங்ஙனம் வரும்?

‘இதயம் நின்றது’ என்று எழுதுவது இதனினும் பயனற்றது. இறக்கும் எவர்க்கும் இதயம் நிற்கத்தானே செய்கிறது? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மருத்துவர் தரும் காரணச் சான்றுக்கு வழி செய்துள்ளது. ஆயினும் 2020ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. ஏனையோர் எதனால் மாண்டனர் என்பதற்கு மருத்துவர் சான்று இல்லை. அதே ஆண்டில் பரவிய கொள்ளைநோய்க்கு, கிருமி உறுதியானால் ‘யு 07.1’ என்றும், உறுதியாகாமல் ஐயுற்றால் ‘யு 07.2’ என்றும் இரு எண்கள் வகுக்கப்பட்டன. ஓர் இலக்கம் மாறினால் ஒரு நகரத்தின் துயரக் கணக்கே மாறும்.

இங்கே நம் உள்ளத்தை உறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் நாள்தோறும் இக்குறியீட்டுத் தொழிலைச் செய்கின்றனர். ஆனால் அவர்கள் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்க நோயாளிகளின் ஏடுகள். அங்குக் காப்பீட்டுப் பணம் எண்ணைப் பார்த்தே வழங்கப்படுகிறது. பிழைப்புக்கு அது நன்றே. அதைக் குறை கூறேன். எனினும் கடல் கடந்தவரின் நோயை இத்துணை நுட்பமாக எண்ணத் தெரிந்த நாம், நம் தாய் தந்தையரின் நோயை எண்ணாமல் விடுவது முறையாகுமா?

1932இல் இந்நகரில் தோன்றிய அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் நம் அண்மையில் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ ஏட்டுப் பயிற்சிக்கு அறியப்பட்ட இடம். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ப் பெயர்களுக்குப் பதினொன்றாம் திருத்தத்தில் இடம் வகுக்கும் பகுதி, 2024 ஜனவரியில் புது தில்லியில் வெளியிடப்பட்டது. அதற்குத் தமிழும் மருத்துவமும் ஒருங்கே அறிந்தவர் தேவை. நம் பிள்ளைகளன்றி வேறு யார் முன்வருவர்?

இறுதியாக இல்லத்தார்க்கு மூன்று வேண்டுகோள். மருத்துவமனை தரும் ஏடுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பேணுங்கள். முதியோர் இல்லத்திலேயே இறந்தால், பழைய ஏடுகளை மருத்துவரிடம் காட்டி, தொடங்கிய நோயையும் எழுதுமாறு பணிவுடன் கேளுங்கள். கணக்கிலும் மொழியிலும் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு இத்துறையை அறிமுகப்படுத்துங்கள். மறைந்தவரைப் பற்றிய உண்மை, வாழ்பவரைக் காக்கும் மருந்தாகும்.