கடலிலிருந்து ஒரு கூவல்



ஹேவாஹெட்ட மலைகளிலே மூடுபனி இறங்கினால், பத்தடிக்கு அப்பால் நிற்பவரும் புலப்படார். தேயிலைச் செடிகளிடையே வழி தவறியவர் கூவுவார். குரல் கேட்கும், திசை தெரியாது. ஆழ்கடலிலே படகு கவிழ்ந்தவனுக்கோ, கூவினாலும் கேட்பாரில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இலங்கையின் தென்மேற்கையும் குமரிக் கடலையும் அலைத்தபோது, கரையோடு பேச வழியின்றி மாண்ட மீனவர் பலர்.

மலைநாட்டு ஆசிரியனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்பீர்கள். எங்கள் மாணவியொருத்தியின் மாமனார் திருகோணமலையிலே நெடுநாள் மீன்பிடிப் படகொன்று வைத்திருக்கின்றார். “அதிலுள்ள மஞ்சட் கருவி எப்படி ஐயா உயிரைக் காக்கும்?” என்று அவள் வினவினாள்.

அஃது அபாய அறிவிப்புக் கருவி. 1979ஆம் ஆண்டிலே அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் இதற்கெனச் செய்மதி அமைப்பொன்றை உருவாக்க இணங்கின. பிற பலவற்றில் இணங்காத வல்லரசுகள் இதில் இணங்கியமை வியப்பே! 1982இல் அதன்வழி முதல் உயிர்கள் மீண்டன.

படகு மூழ்கினால், சில மீற்றர் ஆழத்திலே நீரின் அழுத்தமே பூட்டை விடுவிக்கும். கருவி மேலே மிதந்து 406 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் 48 மணி நேரமேனும் ஓயாது கூவும். கண்டிக்கு வரும் புகையிரதத்தின் ஊதல், அணுகுகையில் உயர்ந்தும் அகல்கையில் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். விரைந்தோடும் செய்மதி பெறும் அலையின் அவ்வாறான ஏற்றத்தாழ்வைக் கொண்டு இடம் கணிக்கப்படுகின்றது. புதிய கருவிகள் தம் இருப்பிடத்தைத் தாமே சொல்லிவிடும். நம் பக்கத்துக் கடலின் அழைப்பைப் பெங்களூரிலே இஸ்ரோ நடத்தும் நிலையம் பெற்று, இலங்கைக்கு அறிவிக்கும்.

ஆனால், கூவுவது யார்? ஒவ்வொரு கருவிக்கும் தனி இலக்கமுண்டு. பதிவேட்டில் அதற்கெதிரே படகின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தால், மீட்போர் முதலில் வீட்டாரைக் கேட்பர்: படகு கடலிலா, எத்தனை பேர்? தவறுதலாய் எழும் அழைப்புக்கள் மிகுதியாதலால், இந்த விடை கிடைக்காவிடில் மீட்புக்குரிய நேரம் வீணாய்க் கழியும்.

விடுமுறையிற் சென்ற மாணவி மாமனாரிடம் அப்பதிவைக் கேட்டாளாம். படகை அவர் வாங்கியது பழைய உரிமையாளரிடமிருந்து. பதிவிலிருந்ததும் அவருடைய எண்ணே. அடுத்த பயணத்துக்கு முன் அதை மாற்றிவிட்டார்களென்று சொன்னாள். புதிதாய் எழுதியது அத்தையின் எண்.