இலை விளிம்பு சொல்லும் தட்பவெப்பம்



தாவரவியல் வகுப்பில் இலை விளிம்பு ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்து போகிறது. மாவிலைக்கு முழு விளிம்பு, நெட்டிலிங்கத்துக்கு அலை விளிம்பு, பிரம்மதண்டுக்கு முள் விளிம்பு என்று எழுதிவிட்டால் போதும். அதே விளிம்பை வைத்து ஒரு காட்டின் வெப்பத்தைக் கணக்கிடலாம் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அது பெரிய குறை.

முதலில் விளிம்பிலுள்ள பற்களைப் பிரித்தறிய வேண்டும். செம்பருத்தியிலும் வேப்பஞ் சிற்றிலையிலும் பற்கள் இலை நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அது ரம்பப்பல் விளிம்பு. சாயாமல் நேரே வெளிப்பக்கம் நீட்டியிருந்தால் பல் விளிம்பு. கூர் மழுங்கி, வல்லாரையில் போல வளைவு வளைவாக இருந்தால் வட்டப்பல் விளிம்பு. ரணகள்ளியும் இந்த வகைதான். அதன் வளைவுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் குட்டிச் செடிகளே முளைத்துவிடும். ஒரே மரத்தில் எல்லா இலையும் ஒன்றுபோல் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. முதிர்ந்த பலாவின் இலை முழு விளிம்பு கொண்டது. இளங்கன்றின் இலையோ மடல் மடலாகப் பிளந்திருக்கும்.

இனி வெப்பக் கணக்கு. 1915-16இல் இர்விங் பெய்லி, எட்மண்ட் சின்னாட் என்ற இரு அமெரிக்கத் தாவரவியலர்கள் உலகின் பல பகுதித் தாவரப் பட்டியல்களை ஒப்பிட்டார்கள். வெப்ப மண்டலத் தாழ்நிலங்களில் முழு விளிம்பு மரங்கள் மிகுதி. குளிர்நாட்டுக் காடுகளில் பல் விளிம்பு மரங்கள், அதாவது மூவகைப் பற்களில் ஏதேனும் ஒன்று கொண்டவை, மிகுதி. 1979இல் ஜாக் வுல்ஃப் கிழக்காசியக் காடுகளை ஆராய்ந்து இதை எண்ணளவுக்குக் கொண்டுவந்தார். முழு விளிம்பு இனங்களின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடினால், ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. வெப்பமானி பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லில் பதிந்த இலைகளுக்கும் இதே கணக்கைப் போடுகிறார்கள். வியப்பு அங்கேதான்.

குளிருக்கும் பல்லுக்கும் என்ன உறவு? 2006இல் டானா ராயர், பீட்டர் வில்ஃப் இருவரும் பென்சில்வேனியா, வட கரோலினா மரங்களில் அளந்து பார்த்தார்கள். தளிர் விரியும் முதல் சில வாரங்களில் பல் விளிம்புகளில் ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடந்தது. வளர்பருவம் குறுகிய நாட்டில் அது ஆதாயம். இதுதான் முழுக் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கொளுத்தும் வெயிலில் நிற்கும் வேம்புக்கு ஏன் ரம்பப்பல் என்று மாணவர் யாரேனும் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இந்தக் கணக்கு தனி மரத்துக்குச் செல்லாது. ஓரிடத்து இனங்களை மொத்தமாக எண்ணினால்தான் செல்லும். அதிலும் இருவித்திலை மர இனங்களை மட்டுமே சேர்க்க வேண்டும், வல்லாரைக்கு இடமில்லை. ஆற்றோரக் காடுகளில் பல் விளிம்பு இனங்கள் மிகுந்து, உண்மையைவிடக் குளிராகக் காட்டும் தொல்லையும் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த களப்பயணத்தில் மாணவர்களை அருகிலுள்ள காட்டுக்கு அழைத்துப் போங்கள். நட்டு வளர்த்தவற்றை விட்டுவிட்டு, தாமாக வளர்ந்த மர இனங்களை மட்டும் விளிம்பு வாரியாக எண்ணச் சொல்லுங்கள். கிடைக்கும் விடையை வானிலை நிலையப் பதிவோடு அவர்களே ஒப்பிடட்டும்.