பேயும் பெரியம்மையும்
(பெரம்பலூர், அரியலூர் தோழர்களிடையே செய்த சொற்பொழிவு)



தரங்கம்பாடிப் பாதிரிமாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் அமெரிக்கப் பாஸ்டன் நகரத்துப் பியூரிட்டன் மதாச்சாரி காட்டன் மேதர். அங்குள்ள சேலம் என்னும் ஊரில் 1692-ல் சூனியக்காரர் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். மறுவருஷமே அதற்கு நியாயம் கற்பித்துப் புத்தகம் போட்டார் இவர்!

இவரே, ஒனீசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை சொல்லக் கேட்டு, அம்மைச் சீழைத் தோலில் கீறி வைக்கும் முறையை 1721-ல் ஆதரித்து எழுதினார். அவ்வருஷம் பாஸ்டனில் அம்மை கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் மாண்டனர். கீறிக்கொண்டவர்களில் சுமார் 2 பேரே.

வேதப் படிப்பு கொலைக்கு வக்காலத்து வாங்கிற்று. அடிமையின் அனுபவம் உயிர் காத்தது. 1980-ல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்களே, மாரிக்குக் கூழ் ஊற்றியா ஒழிந்தது? அம்மை குத்தி ஒழிந்தது! பேயென்று பெண்ணை அடிப்பவனிடம் இதைக் கேளுங்கள். சொன்னவர் யாரென்று பாராதீர்கள். சொன்னது அறிவுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்!