யாளியில் தொடங்கும் அகராதி: ஒரு பழைய ஃபிளாப்பியின் கதை

போன எபிசோட்ல பழைய ஹோம் கம்ப்யூட்டர்களைப் பத்திப் பேசினோம். அதைக் கேட்ட ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட். "அந்தக் காலத்து மெஷின்ல தமிழ் அகராதி ஓட்டியிருக்க முடியுமா?" சின்னக் கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் தேடிப் போய், கடைசியில எங்க ஊர் மாகறல்ல, ஒரு தகர டப்பாவுக்குள்ள வந்து நின்னேன்.

முதல்ல கணக்கு. 1984-ல இந்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோக 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கினப்போ, பள்ளிகளுக்குப் போனது பிபிசி மைக்ரோ. மொத்த நினைவகம் 32 கேபி. இப்போ நம்ம வாட்ஸப்ல வர்ற ஒரு 'குட் மார்னிங்' படமே அதை விடப் பெருசு.

அந்த மெஷின்ல தமிழ் எழுத்து கிடையாது. நாமே புள்ளி புள்ளியா வரைஞ்சு வைக்கணும். ஒரு எழுத்துக்கு 8-க்கு 8 கட்டம். 'ப' அழகா உட்காரும். 'ண' வரையப் பாருங்க, மூணு சுழி, எட்டே புள்ளி அகலம். 'ணை'ன்னா ரெண்டு கட்டம் வேணும். எழுத்து தெளிவா தெரியணும்னு அதிகத் துல்லியமான திரை மோடுக்குப் போனா, திரை மட்டுமே 20 கேபியைச் சாப்பிட்டுடும். டிஸ்க் டிரைவ் மாட்டியிருந்தா அது தன் பங்குக்கு எடுத்துக்கும். கடைசியில உங்க புரோகிராமுக்கும் வார்த்தைகளுக்கும் சேர்த்து மிஞ்சுறது 6 கேபிக்கும் குறைவு. ஒரு வார்த்தைக்கும் பொருளுக்கும் 30 பைட்னு வச்சாலும் 200 வார்த்தை தாண்டாது. ஒண்ணாங்கிளாஸ் பாடப் புத்தகத்துக்குச் சரியா இருக்கும்!

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலை அழகா தாண்டினாங்க. 1970கள்ல யூனிக்ஸ்ல 'ஸ்பெல்'னு ஒரு புரோகிராம். டக் மக்கில்ராய் அதுக்காக 30,000 வார்த்தைகளை 64 கேபி மெஷினுக்குள்ள அடைச்சார். விகுதியை வெட்டிட்டு வேர்ச்சொல்லை மட்டும் வச்சுக்கிட்டார். அதையும் வார்த்தையா வைக்காம எண்ணா சுருக்கி, ஒரு வார்த்தைக்கு 14 பிட்டுக்கும் குறைவா கொண்டுவந்தார். தமிழ்ல விகுதியை வெட்டுறது அவ்வளவு சுலபமில்ல. தறி, தறியை, தறிக்கு, தறியில, தறிகளிலிருந்தும்... ஒரு பெயர்ச்சொல்லுக்கே இவ்வளவு வால்.

சரி, முழுசா ஒரு பெரிய தமிழ் அகராதி? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதியா வந்தது, 1939-ல பிற்சேர்க்கை. ஒரு லட்சத்துக்கு மேல சொற்கள். அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தின முயற்சிகள்ல முக்கியமானது ஜெர்மனியில, கொலோன் பல்கலைக்கழகத்தில நடந்தது. அங்க தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்துல, எந்தக் கீபோர்டுலயும் இருக்கிற குறிகளை வச்சுப் பதிஞ்சாங்க. அப்போ அதைப் பார்க்கிற தமிழனுக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்திருக்கும். ஆனா அதனாலதான் அது பிழைச்சது. எந்த ஃபான்ட்டையும் நம்பி இல்லை. எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு ஒரே ஒரு பட்டியல் இருந்தா போதும், என்னைக்கு வேணும்னாலும் தமிழ் எழுத்துக்கு மாத்திக்கலாம்.

இதை மனசுல வச்சுக்குங்க. இப்போ எங்க ஊருக்கு வருவோம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரையில இருக்கு மாகறல். சம்பந்தர் பாடின திருமாகறலீசுவரர் கோயில் ஊர். எங்க தாத்தா பட்டுத்தறி நெய்தவர். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, இந்த எபிசோடுக்காகப் பழைய கம்ப்யூட்டர் சாமான் தேடுறேன்னு சொன்னேன். தெருமுனையில இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்தார். உள்ள ஒரே ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பி. லேபிள்ல பேனாவால 'நெசவுச் சொற்கள்'.

"தொண்ணூறுகள் கடைசியில டைப் பண்ணினது தம்பி. உங்க தாத்தா மாதிரி ஆளுங்ககிட்ட உட்கார்ந்து கேட்டு எழுதினேன். டிடிபி சென்டர்ல போய் நானே அடிச்சேன். நோட்டு மழையில போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். திறக்க முடியுமா பாரு."

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒண்ணு வாங்கினேன். முதல் தடவை போட்டதுமே கரகரன்னு சத்தம், எரர். படிக்க முடியாத செக்டரைத் தாண்டிட்டு மீதியை எல்லாம் எடுக்கிற ஒரு கருவி இருக்கு. ராத்திரி முழுக்க அதை ஓட விட்டேன். காலையில பார்த்தா, ஒரே ஒரு செக்டர் தவிர எல்லாம் வந்திருச்சு. ஒரு செக்டர்னா 512 பைட். பெருசா ஒண்ணுமில்லைன்னு சந்தோஷப்பட்டேன்.

ஃபைலைத் திறந்தா தமிழே இல்லை. ஆங்கில எழுத்தா ஓடுது. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்ததும் பிடிபட்டது. பாமினி ஃபான்ட். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு அடிச்சா திரையில 'தமிழ்'னு தெரியும். கம்ப்யூட்டருக்கு அது தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட மாதிரி. 1991-லயே யூனிகோட் முதல் பதிப்புல தமிழ் வந்துருச்சு. ஆனா விண்டோஸ்ல அதுக்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000-லதான். அதுவரைக்கும் ஊருக்கு ஊர் ஒரு முகமூடி.

பாமினியை யூனிகோடா மாத்த இணையத்தில கன்வெர்ட்டர் நிறைய இருக்கு. ஓட்டினேன். தமிழ் வந்தது. கூடவே 'றயசி', 'றநகவ'ன்னு விசித்திரமான வார்த்தைகளும் வந்தது! ஏதோ பழைய நெசவுச் சொல்லோன்னு ஒரு நாள் முழுக்க நம்பிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா, வாத்தியார் சில சொற்களுக்கு ஆங்கிலத்திலயும் பொருள் எழுதியிருந்தார். கன்வெர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சு மாத்திருச்சு. டபிள்யூ, ஏ, ஆர், பி. 'வார்ப்', அதாவது பாவு. அதுதான் 'றயசி' ஆயிருச்சு. 'றநகவ'ங்கிறது 'வெஃப்ட்', அதாவது ஊடை. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல எந்த வார்த்தை எந்த ஃபான்ட்ங்கிற தகவலே இருக்காது. ஒவ்வொண்ணா நான் உட்கார்ந்து பிரிச்சேன்.

அப்புறம் தேடினது 'பெட்னி'. காஞ்சிபுரம் சேலையில உடலோட பாவையும் முந்தியோட பாவையும் இழை இழையா இணைக்கிற வேலைக்குப் பேரு அது. தாத்தா வாயில தினமும் கேட்ட வார்த்தை. ப வரிசையில தேடினேன். இல்லை. கரையையும் உடலையும் கோத்து நெய்யற 'கோர்வை'யைக் க வரிசையில தேடினேன். அதுவும் இல்லை. காஞ்சிபுரம் நெசவுச் சொல்னு எழுதிட்டு இந்த ரெண்டையும் வாத்தியார் விட்டிருப்பாரா?

விடலை. பட்டியலை அவர் டாஸோட 'சார்ட்' கமாண்டால வரிசைப்படுத்தியிருந்தார். கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தினது முகமூடிக்குக் கீழ இருக்கிற ஆங்கில எழுத்தை. அதனால அந்த அகராதி அகரத்தில தொடங்கலை. 'யாளி'யில தொடங்குது, ஏன்னா பாமினியில 'ய'தான் ஏ. அடுத்து ஊடை, உடல். அகரம் நடுவில எங்கயோ வருது. பாமினியில கொம்பை முதல்ல அடிச்சுட்டுத்தான் எழுத்தை அடிக்கணும். அதனால கெ, கோ, தே, பெ எல்லாம் ஒரே கொம்புக்குக் கீழ ஒரு கூட்டமா, அகரத்துக்கு அடுத்து நிக்குது. அங்கதான் இருந்தது கோர்வை. அதுக்குக் கொஞ்சம் தள்ளி பெட்னி. தறியில பக்கத்துப் பக்கத்து வேலைகள், கம்ப்யூட்டர் தப்பா அடுக்கினதுலயும் பக்கத்துல வந்து நின்னுருச்சு.

யூனிகோட் வந்ததும் எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைக்காதீங்க. அதுல 'ந'வுக்கு அடுத்த எண் 'ன', 'ர'வுக்கு அடுத்தது 'ற'. வெறும் எண்படி அடுக்கினா நம்ம நெடுங்கணக்கு வரிசை வராது. நீங்க டெவலப்பரா இருந்தா, தமிழுக்கான கொலேஷன் விதியை இயக்கணும்.

இப்போ அந்தப் போன செக்டருக்கு வர்றேன். 512 பைட், சுமார் ஒரு டஜன் சொல். பட்டியல் வரிசையா இருந்ததால, ஓட்டை எந்த இடத்திலன்னு தெளிவா தெரிஞ்சது. ஜே. பாமினியில ஜேன்னா 'த'. த-வில தொடங்கிற சொற்கள்ல பெரும்பகுதி காணோம். அதாவது நெசவுச் சொற்கள் அகராதியில 'தறி'யே இல்லை.

வாத்தியார்கிட்ட போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "எனக்கு ஞாபகம் இல்லையேப்பா. சொன்னவங்களும் இப்போ இல்லை"ன்னார். தாத்தா போய் ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு இருபத்தெட்டு வயசு. அவர் பக்கத்திலயே வளர்ந்தும் ஒரு வார்த்தை கூட எழுதி வைக்கலை.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட கேட்டேன். "ஆயா, தறி வேலையில த-ன்னு தொடங்கிற வார்த்தை எல்லாம் சொல்லு."

ஆயா யோசிக்கவே இல்லை. "தார்"ன்னாங்க. நாடாவுக்குள்ள போடுற நூல் சுத்தின குச்சி. "உங்க தாத்தா நெய்தாரு சரி, தார் சுத்திக் கொடுத்தது யாரு? அவருகிட்ட வந்து எல்லாம் எழுதிட்டுப் போனாங்க, என்கிட்ட யாரு கேட்டா?"

அப்போதான் எனக்கு உறைச்சது. செக்டர் போனதால மட்டும் ஓட்டை விழலை. பட்டியல்ல முதல்லயே ஒரு பெரிய ஓட்டை இருந்திருக்கு. பாவு போடுறது, நூல் இழைக்கிறது, தார் சுத்துறதுன்னு பெண்கள் செய்யற வேலையோட சொற்கள் அதுல ரொம்பக் கம்மி. அந்த ஓட்டை மெஷின் போட்டது இல்லை.

ஆயாவை உட்கார வச்சு மூணு சாயங்காலம் பதிவு பண்ணியிருக்கேன். வாத்தியாரும் கூடவே வந்து உட்கார்ந்தார், புது நோட்டோட. இப்போ பட்டியல் யூனிகோட் டெக்ஸ்ட் ஃபைலா இருக்கு. சொல், பொருள், யார் சொன்னது, எந்த ஊர். நாலே பத்தி. பாமினியில இருந்த மூல ஃபைலையும் கை வைக்காம அப்படியே தனியா வச்சிருக்கேன். எதை மாத்தினாலும் மூலத்தை அழிக்காதீங்க, அதுதான் என் ஒரே டெக்னிக்கல் அட்வைஸ்.

உங்க வீட்டுப் பரண்ல ஃபிளாப்பி இருந்தா எடுத்துப் பாருங்க. அது இல்லைன்னா, வீட்டுல இருக்கிற ஆயாகிட்ட உட்கார்ந்து கேளுங்க. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம்னு எங்க தறி இருக்கிற வீட்டிலிருந்து இதைக் கேட்டுட்டு இருந்தாலும், த-வில தொடங்கிற நெசவுச் சொல் இருந்தா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. யார் சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அவங்க பேரும் பட்டியல்ல வரணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.